அமெரிக்காக்காரருக்காக அழுத எங்கள் அக்கா

சுவிசின் ஷாஃப்ஹவுசன் நிலையத்தில் வேலைக்குப் போகும் ரயிலுக்காக நின்றபோது அத்தானின் அழைப்பு வந்தது. "தம்பி, அக்கா குசினியில சமைச்சுக்கொண்டு நிண்டபடி விழுந்திட்டா. கூப்பிடுறன், கதைக்கிறா இல்லை." நான் லுசேர்ணில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டதாக மருத்துவர் சொன்னார். முதல்நாள் மாலைதான் அக்கா என்னோடு தொலைபேசியில் சிரித்துக் கதைத்திருந்தார். ஒரு நோய் இல்லை, ஒரு மாத்திரை இல்லை. அக்காவின் நினைவு மலருக்கு இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதும் "அக்கா வாசிக்கிறார்" என்றே கை எழுதுகிறது. வெட்டிவிட்டு "வாசித்தார்" என்று திருத்த வேண்டியிருக்கிறது.

அக்கா யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போர் அவரது படிப்பை இடையில் நிறுத்தியது. அத்தானைக் கைப்பிடித்து சுவிசுக்கு வந்து, லுசேர்ணில் ஒரு ஹொட்டேலின் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் இங்கு அழைப்பித்து ஆளாக்கியவர் அவரே. அதிர்ந்து பேசத் தெரியாதவர். பஸ்ஸில் யாராவது தன் காலை மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்பார்.

2009 மே மாதத்தில் எங்கள் சின்னண்ணா வன்னியில் இறுதிப்போரில் காணாமல் போனார். அன்றோடு அக்கா தொலைக்காட்சிச் செய்தி பார்ப்பதை விட்டார். ஜெர்மன் மொழியைத் திருத்திக்கொள்ளவென்று நகர நூலகத்துக்குப் போகத் தொடங்கியவர், வாழ்க்கை வரலாறுகளாகவே எடுத்து வந்தார். அவையும் அமெரிக்கர்களுடையவை மட்டுமே. ஏனென்று கேட்டேன்.

"எங்கட சனத்தின்ர கதையை என்னால வாசிக்கேலாது. சுவிஸ்காரற்ற கதையில அழுறதுக்கு ஒண்டும் காணேல்லை. அமெரிக்காக்காரர் எனக்கு ஒரு சொந்தமுமில்லைத்தானே, அவைக்காக அழலாம்" என்றார்.

அடிமை முறைக்கு முடிவுகட்டிய ஜனாதிபதியை அக்கா "நெட்டையர்" என்றே சொல்லுவார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் போல. போலியோவால் கால்கள் வழங்காத ஜனாதிபதியின் மேல் அவருக்குக் கோபம். அதை ஏன் ஊருக்கு மறைத்தார் என்று. அடிமையாகப் பிறந்து தப்பிய பின்பும், மற்றவர்களை மீட்கத் திரும்பத் திரும்பப் போன பெண்ணின் வரலாற்றைப் படித்துவிட்டு இரவில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தப்பி வந்த ஆள் திரும்பிப் போறதோ? எப்பிடி ஏலும்?" என்று கேட்டார். பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதான தையற்காரப் பெண்ணின் வரலாறே அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது.

சில வருடங்களின் பின், ஹொட்டேலுக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். ஊழியர் சாப்பாட்டறையின் ஜன்னல் விருந்தினர் அமரும் தோட்டத்தைப் பார்த்தபடி இருந்தது. விருந்தினர் கண்ணில் படாதபடி, சலவையிலும் பாத்திரம் கழுவுவதிலும் இருப்பவர்கள் இனி நிலக்கீழ் அறையில்தான் சாப்பிட வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். எல்லோரும் தட்டுகளோடு கீழே இறங்கினார்கள். அக்கா மட்டும் மேலே, வழமையான கதிரையில் போய் அமர்ந்தார்.

மேலாளர் வந்து முன்னால் நின்று, "உங்களுக்குச் சொன்னது விளங்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

"விளங்கினது. சாப்பிட்டு முடியப் போறன்" என்று அக்கா ஜெர்மனில் சொல்லிவிட்டு, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டிருக்கிறார்.

இதைக் கேட்டு நாங்கள் விறைத்துப்போனோம். எங்கள் அக்காவா? அத்தான் கேட்டார்: "வேலை போனா இஞ்ச இருக்கிற பெர்மிட்டுக்கு என்ன செய்யிறது? யோசிச்சனீரோ?"

"யோசிச்சனான். அந்தத் தையற்கார மனிசிக்கும் பிறகு வேலை போனது. ஒருத்தரும் அதைக் கதைக்கிறேல்லை. நான் அந்தப் பக்கத்தைத்தான் ரெண்டு தரம் வாசிச்சனான்" என்றார் அக்கா. அன்றிரவு அவர் பயத்தில் வாந்தி எடுத்ததை அத்தான் இப்போதுதான் எனக்குச் சொன்னார்.

எச்சரிக்கை வந்தது. அக்கா மறுநாளும் மேலேயே அமர்ந்தார். அவரோடு சலவையில் நின்ற எரித்திரியப் பெண் ஸாபா தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தார். அந்த வாரம் முடிவதற்குள் மேசை நிறைந்துவிட்டது. ஹொட்டேல் உரிமையாளரான அம்மையார் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். உத்தரவைப் பற்றி அதன்பிறகு எவரும் பேசவில்லை. மேலாளர் மன்னிப்புக் கேட்கவுமில்லை. அக்கா அங்கேயே கடைசி நாள் வரை வேலை செய்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடக்கும் இன்று இந்நினைவு மலரைக் கையில் ஏந்தும் உறவினர்களே, நண்பர்களே, செய்தி கேட்டவுடன் ஓடிவந்தவர்கள் நீங்கள். அக்காவின் நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் போராடிய கீழ்வீட்டுச் சுவிஸ் தம்பதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் உணவு கொண்டுவந்தவர்களுக்கும், கிரியைகளை நடத்தித் தந்த குருக்கள் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

ஸாபாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தகன மண்டபத்தில் பெட்டியை மூடும்போது அத்தான் நிற்க முடியாமல் சரிந்தார். நாங்கள் அனைவரும் செய்வதறியாது நின்றோம். பின்னாலிருந்து வந்த ஸாபா அவரைத் தாங்கி, ஒரு கதிரையை இழுத்து, "இருங்கோ அண்ணை, இருங்கோ" என்றார் தமிழில். நாங்கள் திகைத்து அவரைப் பார்த்தோம்.

"உங்கள் அக்கா சொல்லித் தந்தது" என்றார் ஜெர்மனில். பிறகு அவர்தான் எங்களைவிடச் சத்தமாக அழுதார்.