வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டிய மன்றாட்டு

போன ஞாயிறு பூசைக்கு முன்னால், மைக் பக்கம் நின்ற பையனிடம், "ஒரு மன்றாட்டு சொல்லணும்ப்பா" என்றேன். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "வெள்ளிக்கிழமைக்குள்ள வாட்ஸப்புல அனுப்பியிருக்கணும் அங்கிள். ஸ்கிரீன்ல ஏத்தியாச்சு" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிஸ்டரம்மா செத்ததே நேத்துதாம்ப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சாவணும்னு அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றேன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, சட்டம் போட்ட மகராசன் யாரோ. கோயிலுக்குள் சாம்பிராணி வாசம்கூட இல்லை. ஏதோ ஸ்பிரே அடித்திருந்தார்கள்.

சாம்பிராணி என்றால் எனக்குக் கூடவே டீசல் வாசமும் வரவேண்டும். சிரிக்காதீர்கள். ஒரு காலத்தில் சித்தேரி மலைக்கு மருந்து கொண்டுபோன கன்னியர் மடத்து ஜீப்புக்கு நான்தான் டிரைவர். அண்ணன்மாரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டு வந்தவன். அங்கே நான் வாயைத் திறந்தாலே, "ஒனக்கென்ன தெரியும், சும்மா கெட" என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் உயிர் போய்த் திரும்பி வந்தது. அந்தக் கடுப்போடு, கையெல்லாம் டீசலாக, சாயங்காலம் ஜெபக்கூட வாசலில் நின்றேன். உள்ளே சாம்பிராணிப் புகைக்கு நடுவில் கன்னியர்கள் பாயில் உட்கார்ந்து ஆளுக்கொரு வேண்டுதல் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய சிஸ்டரம்மா, இப்போது செத்துப்போன அவர்தான், திரும்பி, "உள்ள வந்து ஒக்காருங்க. நீங்களும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

நமக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? "சாமி, இந்த ஓட்ட ஜீப்ப நம்பி அம்மாமாருங்கள மலையேத்துறது பாவம். பிரேக்க சரி பண்ணிக் குடு, இல்ல இதக் காயலாங்கடைக்குப் போடுற புத்தியாவது குடு" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். என் பேச்சுக்குப் பின்னால் நாலு பேர் நின்றது அதுதான் முதல் தடவை. ஞானஸ்நானம் வாங்கியதெல்லாம் பிறகு எப்போதோ. நான் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அந்த மடத்தை மூடி, சிஸ்டர்களை ஊருக்கொருவராக அனுப்பிவிட்டார்கள். பாய் போய் பெஞ்சு வந்தது, வரட்டும். மனுசன் சாமியிடம் வாய்விட்டுக் கேட்பதற்குமா கெடு வைப்பது?

ஸ்கிரீனில் உலக சமாதானத்துக்கான மன்றாட்டு ஓடி முடிந்தது. எழுந்து நின்றேன். "ஜீப்புல என் பக்கத்துல ஒக்காந்து வந்த சிஸ்டரம்மாவுக்காக" என்று சத்தமாகவே சொன்னேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒருவர் "உஸ்ஸ்" என்றார். ஒரு வாயிலிருந்தும் "கேட்டருளும்" வரவில்லை.

அதையும் நானே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.