ஏலச் செடி அடியில் உட்கார்ந்தவர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், போடிக்கு மேலே ஏலக்காய் மலையில் நடந்தது. காய் எடுப்புச் சமயம். சனிக்கிழமை.

நான் ஒரு ஏலத் தோட்டத்தில் கங்காணி. ஆட்களை வேலை வாங்குவதும், அவர்கள் வெளியே போகும்போது கேட்டில் நின்று பையைப் பார்ப்பதும் என் சோலி. பச்சைக் காயை மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதனால் எல்லோர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். பழகிவிட்டது.

அந்த வருடம் மதுரையிலிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் வந்தது. காட்டுப் பாதை, சரளைக்கல் ஜீப் பாதை என்று நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டுமாம். பாதித் தூரம் எங்கள் தோட்டத்துக்குள் வருகிறது. மேனேஜர் சம்மதித்தார். நானும் சைக்கிளில் கடைசி ஆளாக வர வேண்டும், எனக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்றார்.

"ஒரு சரம் காய் கொறைஞ்சாலும் நீதான் பொறுப்பு. திங்கக்கிழம வேலைக்கு வராத."

தடித்த டயர் சைக்கிள் ஒன்றை எனக்கும் கொடுத்தார்கள். சட்டையில் நம்பர் குத்தினார்கள். பாதையோரம் காய் எடுத்த பெண்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

"என்ன கங்காணி, ஜீப்புல எடம் கெடைக்கலயா?"

"வெரசா மிதிங்கண்ணே. நாங்க நடந்தே முந்திருவோம் போல."

எனக்கு மிதிக்கவே மூச்சு இல்லை.

எனக்கு முன்னால் ஒருவர் போனார். ஐம்பது வயது இருக்கும். முதுகில் ஒரு பை. ஒரு வளைவு தாண்டியதும் ஆளைக் காணவில்லை. சைக்கிள் மட்டும் கீழே கிடந்தது. நின்றேன். கால் மணி நேரம் கழித்துச் செடிகளுக்குள்ளிருந்து வந்தார். பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே வந்தார்.

"என்ன சார்?"

"ஒண்ணுக்குண்ணே."

அதற்குக் கால் மணி நேரமா? மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஓடைப் பக்கம் மறுபடியும் காணவில்லை. இந்தத் தடவை நானும் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஏலச் செடியில் காய் தரையோடுதான் கிடக்கும். உட்கார்ந்தால்தான் பறிக்க முடியும். இவர் செடியின் அடியில் உட்கார்ந்து எதையோ சுருட்டிப் பைக்குள் திணித்தார். கையை இலையில் துடைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பை முன்னைவிடப் பெருத்திருந்தது.

எனக்கு உறுதியாகிவிட்டது. அங்கேயே பிடித்தால் இல்லை என்பார். சாட்சி வேண்டும். கீழ் கேட் வரை ஒன்றும் பேசாமல் பின்னாலேயே வந்தேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமா என்பதுதான் மனதில் ஓடியது.

கீழ் கேட்டில் பறித்த காயை எடை போட மதியம் பெண்கள் கூடியிருந்தார்கள். வாட்ச்மேனும் இருந்தார். நான் அந்த ஆளின் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினேன்.

"பையத் தெறங்க."

அவர் முகம் மாறியது. "கொஞ்சம் ஓரமா வாங்கண்ணே. ஒங்களுக்கு மட்டும் காட்டுறேன்."

ஓரமாகக் கூப்பிடுகிறவர்கள் காசு கொடுத்து வாயை அடைக்கத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

வாட்ச்மேன், "எங்க ஆளுக எல்லாம் இங்கனதான் காட்டுறாக. நீங்க மட்டும் என்ன ஒசத்தியா?" என்றார். பெண்கள் நெருங்கி வந்தார்கள். "அள்ளிட்டாரு போல," என்றது ஒரு குரல்.

நானே பையை வாங்கித் திறந்தேன். அடியில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இரண்டு. அதற்கு மேல் பாலித்தீன். மூன்று முடிச்சு. ஒன்றை அவிழ்த்தேன்.

மலம்.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். அவர் பனியனைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் ஒரு பை ஒட்டியிருந்தது.

"குடல்ல கட்டி. ஆப்ரேசன் பண்ணி இதுலதான் போகுது. எனக்குத் தெரியாமலே ரொம்பிரும். மாத்தணும். அங்க ஓடை ஓடுது. கீழ குடிக்கிறவங்க இருப்பாங்க. அதான் போடாம எடுத்துட்டு வந்தேன்."

நான் பொட்டலத்தை மறுபடி கட்டினேன். மூன்று முடிச்சும் போட்டேன். பைக்குள் வைத்துக் கொடுத்தேன். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அவர் சைக்கிளில் ஏறவில்லை. "நீங்க முன்னாடி போங்கண்ணே," என்றார்.

"நான் கடைசியாத்தான் சார் வரணும்."

"இன்னும் சந்தேகம் தீரலயா?"

நான் ஏறி மிதித்தேன். கேட்டுக்கு வெளியே முடிவிடம் வரை எட்டு கிலோமீட்டர் இறக்கம். சரளைக்கல் பறந்தது. பின்னால் சத்தமே இல்லை. விழுந்துவிட்டாரா, திரும்பிப் போய்விட்டாரா, அதுவும் தெரியவில்லை. பார்க்கத் தோன்றியது. திரும்பவில்லை.

முடிவிடத்தில் நின்றேன். மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். அரை மணி நேரம் கழித்து அவர் வந்தார். கை தட்டினார்கள். கழுத்தில் பதக்கம் போட்டார்கள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. காய் குறையவில்லை.

இப்போதும் கேட்டில் நின்று பை பார்க்கிறேன். சந்தேகமும் விட்டுப் போகவில்லை. ஆனால் யாராவது "ஓரமா வாங்கண்ணே" என்றால் போகிறேன். சிலரிடம் காய் இருந்திருக்கிறது. சிலரிடம் வேறு ஏதோ இருந்திருக்கிறது. அது என்னவென்று நான் வெளியே சொன்னதில்லை. அவருக்கு அன்று கொடுக்காமல் விட்ட மரியாதையை இப்படித்தான் கொடுக்க முடிகிறது.