கிரீடத்தில் ஏழு தையல்கள்

என் புதுநன்மைக் கதையை மாமா சொல்லும்போதெல்லாம் கிரீடம் ஒவ்வோர் இடத்தில் விழுகிறது. ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் அது பங்குத்தந்தையின் காலடியில் விழுந்தது. சித்தி மகளின் திருமணத்தன்று நற்கருணைப் பாத்திரத்துக்கு ஒரு சாண் அருகில் விழுந்தது. சென்ற மாதம் ஒரு காகமே அதைக் கொத்திக்கொண்டு பறந்தது. கேட்பவர்கள் சிரிக்கச் சிரிக்க மாமா கூட்டிக்கொண்டே போகிறார். ஆகவே சரிபார்க்க முடிந்தவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். என்னிடம் இருக்கும் சான்றுகள் பதினொரு புகைப்படங்கள், பிஸ்கட் டப்பாவில் கிடக்கும் கிரீடம், குறைந்தது இரண்டு பேர் ஒன்றுபோல் நினைவுகூர்ந்த பேச்சு ஆகியவை. என் நெஞ்சுக்குள் நடந்ததற்கு மட்டும் வேறு சாட்சி கிடையாது; அதை ஓர் ஒன்பது வயதுப் பெண்ணின் வாக்குமூலமாகக் கொள்ளலாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாளைத்தான் எங்கள் வீடுகளில் புதுநன்மை என்பார்கள். பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுன் அணிந்து, தலையில் வெண்பூக் கிரீடம் வைத்து, மெழுகுவர்த்தி ஏந்திப் போவார்கள். மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த மற்ற தாய்மார்கள் கிரீடத்தைக் கடையில் வாங்கினார்கள். அம்மா மறுத்துவிட்டாள்.

"அந்த பிளாஸ்டிக் முத்தத் தலையில வச்சிக்கினு போறதுக்கு, எண்ணெய் தடவி வாரிவிட்டு அனுப்பிடலாம்" என்றாள்.

ஆகவே ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வரும், அதாவது அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், தி. நகருக்கு ரிப்பன் வாங்கப் போனோம். ரங்கநாதன் தெருவின் நெரிசலில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அம்மா ஒவ்வொரு கடையிலும் ரிப்பன் சுருளை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். ஒன்று நீலம் பாய்ந்த வெள்ளை, ஒன்று பால் வெள்ளை, மற்றொன்று பழுப்பேறிய வெள்ளை. "வெள்ளையில இன்னாக்கா இத்தினி வெள்ளை?" என்று கரும்புச்சாற்றுக் குவளையோடு நின்ற மாமா அலுத்துக்கொண்டார். ஐந்தாவது கடையில் ரிப்பன் கிடைத்தது. அதற்கு அச்சாகப் பொருந்தும் நூலுக்கு மேலும் இரண்டு கடைகள் ஏறினோம். அன்று மாலை திரும்பும்போது பேருந்தின் சன்னல் ஓரத்தில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்தான். அதற்குப் பிறகு எத்தனையோ பொட்டலங்களைச் சுமந்திருக்கிறேன். அவற்றுள் எதுவும் அவ்வளவு கனமில்லாமல் இருந்ததில்லை.

அம்மாவின் கை வேகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாகவேண்டும். இரவு உணவுக்கு முன் தொலைக்காட்சித் தொடர் ஓடும். விளம்பர இடைவேளை ஒன்று முடிவதற்குள் ரிப்பனை மடித்து, சுருட்டி, அடியில் நான்கு தையல் போட்டு ஒரு பூவை எழுப்பிவிடுவாள். ஓடும் பேருந்தில் ஊசி கோப்பவள் அவள். இருபது பூக்கள் அவ்வாறு பிறந்தன. இருபத்தொன்றாவதை நானே செய்து, நானே கம்பியில் வைத்துத் தைத்தேன். அது கோணலாக இருந்தது. அம்மா அதைப் பிரிக்கவில்லை. இடது காதுக்கு மேல் வருமாறு திருப்பி வைத்தாள்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் எங்களுக்குச் சொல்லித்தந்த விதி எளியது. "நற்கருணை வாங்குறதுக்கு முன்னால ஒரு மணி நேரம். தண்ணி குடிக்கலாம். வேற எதுவும் வாய்க்குள்ள போகக்கூடாது, பிள்ளைகளா. தெரிஞ்சே வாங்குனா அது சாவான பாவம்." பெப்பர்மிண்ட் மென்ற பையன் ஒருவன் வரிசையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, அடுத்த ஆண்டுதான் புதுநன்மை வாங்கினான் என்ற செய்தியும் எங்களிடையே உலவியது. அவன் யார் என்று யாருக்கும் தெரியாது. என்றாலும் அவனை நாங்கள் எல்லோரும் பார்த்ததுபோலவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மே மாத ஞாயிறன்று காலை ஏழரைக்குத் திருப்பலி. அதற்கு முன் படம் எடுக்க வேண்டும் என்று மாமா நண்பரின் டிஜிட்டல் கேமராவை வாங்கி வந்திருந்தார். அழைத்துப் போன இடம் லஸ் முனைக்கு அப்பாலுள்ள பூங்கா. ஞாயிறு மாலைகளில் நாங்கள் வழக்கமாகப் போவதும் அங்கேதான். அதன் நடைபாதை ஓரத்தில் இட்லிப்பூ வேலி உண்டு. ஒரு பூவைக் கிள்ளி, அடியிலிருந்து உள்ளிழையை மெல்ல உருவினால் நுனியில் ஊசிமுனை அளவு தேன் துளி வரும். அதை நாக்கில் வைக்க வேண்டும். இந்தக் கலையை எனக்குக் கற்றுத்தந்தவள் அம்மாவே. ஐந்து வயதிலிருந்து அந்த வேலியை நான் சும்மா கடந்ததில்லை.

படங்களின் வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் நேரம் பதிந்திருக்கிறது. முதல் படம் 6:41. மாமா என்னை மரத்தடியில் நிறுத்தினார், கல் இருக்கையில் உட்காரவைத்தார், மெழுகுவர்த்தியை ஏற்றினார், காற்று அணைத்ததும் மீண்டும் ஏற்றினார்.

"மச்சான், ஏழரைக்குப் பூசை" என்று அப்பா இருமுறை நினைவூட்டினார்.

"இருங்க மாமா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. கிரீடம் சரியா விழல" என்றார் மாமா.

ஒன்பதாவது படம் இட்லிப்பூ வேலியின் முன் எடுத்தது. நேரம் 7:19. மாமா எதையோ சரிசெய்துகொண்டிருந்த இடைவெளியில், என் கை தன் வழக்கப்படி ஒரு பூவைக் கிள்ளி, இழையை உருவி, நாக்கில் வைத்துவிட்டது. அந்தக் கணத்தில்தான் மாமா பொத்தானை அழுத்தினார். படத்தில் என் விரல்கள் உதட்டில் இருக்கின்றன. படச்சட்டத்தின் இடது ஓரத்தில் அம்மாவின் நீலப் புடவையும், கைப்பையும், பாதித் தோளும் தெரிகின்றன. தலை வெட்டுப்பட்டிருக்கிறது.

பத்தாவது படத்தில் நான் சிரிக்கவில்லை.

துளி உள்ளே போய்விட்டது. துப்பினேன்; எச்சில் மட்டுமே வந்தது. 7:19 என்றால் 8:19 வரை நான் நற்கருணை வாங்கக்கூடாது. எங்கள் முறை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வரும் என்று முந்தைய நாள் ஒத்திகையில் சிஸ்டர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்லிவிட்டால் அன்று எனக்குப் புதுநன்மை இல்லை. அம்மாவின் இருபது பூக்களும், வீட்டில் வேகத் தொடங்கியிருந்த பிரியாணியும், அதற்காக வந்திருந்த உறவினர்களும் வீண். சொல்லாமல் வாங்கினால் சாவான பாவம். ஒன்பது நிமிடம் குறைந்ததற்காக நான் நரகத்துக்குப் போகிறவளாக இருந்தேன்.

ஆட்டோவில் மாமா என் முகத்தைக் குனிந்து பார்த்தார். "இன்னாம்மா, மாப்பிள்ளை புடிக்காத பொண்ணாட்டம் மூஞ்சத் தொங்கப்போட்டுக்கினு வர?" அப்பா சிரித்தார். அம்மா சிரித்தாளா என்பதில் அப்பாவும் மாமாவும் ஒத்துப்போவதில்லை. அவள் கேட்டது மட்டும் உறுதி: "தண்ணி வேணுமா?" வேண்டாம் என்று தலையாட்டினேன். குடித்தால் அந்தத் துளி இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்று பயந்தேன்.

கோயிலுக்குள் பக்கச் சுவரில் ஒரு பெரிய கடிகாரம். திருப்பலி முழுவதும் நான் பீடத்தைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்தேன். எங்கள் பங்குத்தந்தையின் மறையுரை அரை மணி நேரத்துக்குக் குறைந்ததில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அது முடியாதா என்று நெளிந்த நான், அன்று அது நீள வேண்டும் என்று உருகி வேண்டினேன். பிள்ளைகள் வெக்கையில் வாடுவார்கள் என்று இரக்கப்பட்டு அவர் ஆறே நிமிடத்தில் முடித்துக்கொண்டார். ஆறு நிமிடம் என்பது அப்பாவின் கணக்கு. மறையுரைகளைக் கைக்கடிகாரத்தில் அளப்பது அவருடைய பழைய பழக்கம்.

எட்டு மணி பதினொரு நிமிடத்துக்கு நாங்கள் எழுந்து வரிசையில் நின்றோம். உயரத்தின்படி நான் நான்காவது ஆள். பின்னால் நின்றவள் என் கையைத் தொட்டு, "இன்னாடி, ஐஸ் மாதிரி கீது?" என்று கிசுகிசுத்தாள். முதல் பெண் முழங்காலிட்டாள். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வரிசையோடு ஓர் அடி முன்னால் நகர்ந்தேன்.

அப்போது யாரோ என் தோளைத் தொட்டார்கள். அம்மா. அந்த நேரத்தில் எந்தத் தாயும் இருக்கையை விட்டு எழுவதில்லை.

"பூ தொங்குது. வா."

"அப்புறம் தைக்கலாம்மா."

"அப்புறம் விழுந்துடும். வாடி."

சிஸ்டர் விரைந்து வந்தார். "அம்மா, பிள்ளைய விடுங்க, வரிசை நகருதுல்ல."

"அஞ்சே நிமிசம் சிஸ்டர். இப்டியே போனா எல்லாரும் நன்மைய உட்டுட்டு இவ தலையத்தான் பாப்பாங்க."

பக்க வாசற்படியில் என்னை உட்காரவைத்துக் கிரீடத்தைக் கழற்றினாள். நான் தைத்த கோணல் பூதான் ஒரு பக்கம் விடுபட்டுத் தொங்கியது. கைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். நூல் ஊசிக்காதில் நுழையவில்லை. நுனியை நனைத்து மீண்டும் முயன்றாள்; மூன்றாம் முறைதான் நுழைந்தது. பிறகு ஒரு தையல். கிரீடத்தைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தையல். உள்ளே பாட்டு ஒலித்தது. என்னோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பித் திரும்புவது கதவிடுக்கில் தெரிந்தது. அதே இடுக்கில் கடிகாரமும் தெரிந்தது. 8:14. 8:17. பாவத்திலிருந்து விலகி உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒரு கண்ணுக்குத் தெரிந்தது. எல்லோரும் என்னை விட்டுப் போய்விட்டார்கள் என்பதுதான் மறு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டிலிருந்தும் நீர் வழிந்தது.

"முடிஞ்சிடும்மா. எல்லாரும் வாங்கிட்டாங்க."

"உன்ன உட்டுட்டு முடியாது. தலைய ஆட்டாத."

"எவ்ளோ நேரம் தைப்ப?"

"தைக்கிறேன் இல்ல."

ஏழாவது தையலுக்குப் பிறகு நூலைப் பல்லால் கடித்தாள். கிரீடத்தை என் தலையில் வைத்து, கொண்டை ஊசிகளைச் செருகி, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "இப்பப் போ" என்றாள். கடிகாரம் 8:22 காட்டியது.

புதுநன்மைப் பிள்ளைகளின் வரிசை முடிந்து பெரியவர்களின் வரிசையும் கரைந்துகொண்டிருந்தது. ஊன்றுகோலோடு நகர்ந்த முதியவர் ஒருவருக்குப் பின்னால், கோயிலில் கடைசி ஆளாக நான் என் முதல் நற்கருணையை வாங்கினேன். அதற்குப் படம் இல்லை. பூங்காவில் அத்தனை படம் எடுத்த கேமராவின் மின்கலம் அதற்குள் தீர்ந்துவிட்டது. பதினொன்றாவது படத்தைக்கூட மாமா வேறொருவரின் கேமராவில், பிரியாணித் தட்டோடுதான் எடுத்தார்.

நடந்ததற்கு நான் அன்றே ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். என்னைப் பாவத்திலிருந்து காப்பாற்ற மாதாவே இறங்கி வந்து நூலை அறுத்திருக்கிறாள். அன்றிரவு மாதாவுக்கு நன்றி சொன்னேன். பல ஆண்டுகள் சொன்னேன். தைக்க அவ்வளவு தாமதித்து என்னைக் கடைசியாளாக்கிய அம்மாவோடு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில், பங்குத்தந்தையிடம் பாவங்களை ஒப்புக்கொள்ளும்போது, அந்த மௌனத்தைக்கூடச் சொல்லவில்லை. கோபத்தில் நியாயம் இருந்ததாகவே நம்பினேன்.

பல ஆண்டுகள் கழித்து நான் அடையாற்றுக்கு வீடு மாறியபோது பிஸ்கட் டப்பா என் கைக்கு வந்தது. கிரீடத்தைப் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லாத் தையல்களும் ரிப்பனின் வெள்ளை. கோணல் பூவின் அடியில் இருக்கும் ஏழும் பழுப்பு கலந்த வெள்ளை. வெள்ளைக்காக ஏழு கடை ஏறியவள் கைக்குக் கிடைத்த நூலில் தைத்திருக்கிறாள். நான் போட்ட பழைய தையலின் ஒரு துண்டு கம்பியிலேயே ஒட்டியிருக்கிறது. இற்று அறுந்த நூலின் நுனி பிசிராக இருக்கும். இதன் நுனி நேராக இருக்கிறது.

அந்த ஞாயிறு அம்மா வந்தபோது கேட்டேன்.

"அன்னிக்கு நான் இட்லிப்பூ உறிஞ்சினதப் பாத்தியாம்மா?"

"நீ எப்பத்தான் உறிஞ்சாம இருந்த?"

"நூல நீதான வெட்டின?"

"நீ தச்ச பூ. தானாவே விழும்" என்று சொல்லிவிட்டு, என் பால்கனிச் செடிகளுக்கு நான் சரியாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை என்ற பேச்சுக்குப் போய்விட்டாள்.

வீட்டில் யார் தைத்து முடித்தாலும் மிச்ச நூலைக் கத்தரியால் ஒட்ட நறுக்கும் பழக்கம் அம்மாவுக்கு உண்டு. நேரான நுனி அதனாலும் இருக்கலாம். கேமராவின் நேரத்தை யார் வைத்தார்கள், அது கோயில் கடிகாரத்தோடு ஒத்திருந்ததா என்பதை இனி அறிய வழியில்லை. ஒன்பதாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புடவையின் மடிப்புகூடத் தெளிவாக வந்திருக்கிறது. தோளுக்கு மேல் படம் முடிந்துவிடுகிறது. அந்த 7:19க்கு அம்மா எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது தெரியவில்லை.