பாரத்துக்கு ஒரு ஆள்

இதைப் படிக்கிறவர்களில் டிராக்டர் ஓட்டுகிறவர் யாராவது இருந்தால், என்னை நம்பாமல் போக உங்களுக்குத்தான் காரணம் அதிகம். பின்னால் கலப்பை மாட்டி, முன்னால் பாரம் எதுவும் வைக்காமல், ஒரு மினி டிராக்டர் அந்தச் சரிவில் ஏறாது. முன்சக்கரம் தூக்கிவிடும். ஆனால் ஏறியது. ஓட்டியவள் நான். போன ஆவணியில் நடந்தது.

என் பெயர் ஷாரோன். கல்யாணமாகி மூன்று வருஷம் நான் ராஜகுளத்தில் அம்மா வீட்டிலேயே இருந்தேன். என் கணவர் ஐசக் பெருநகர்ப் பக்கம் ஒருவரிடம் டிராக்டர் டிரைவர். சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

அந்த ஆசை திடீரென்று நிறைவேறியது. முதலாளி தன் பழைய மினி டிராக்டரை ஐசக்கிடமே கொடுத்துவிட்டார். கல்குன்றை ஒட்டிய சரிவு நிலத்தையும் குத்தகைக்கு விட்டார். ஏன் இவ்வளவு தாராளம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஐப்பசி மழைக்கு முன் உழுது கொள்ளு விதைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நிலம் வேறொருவருக்குப் போய்விடும். நான் மறுபடி அம்மா வீட்டுக்கு. அதுதான் பேச்சு.

நான் பெட்டியோடு வந்து இறங்கிய வாரமே ஐசக்குக்குத் தோள்பட்டை பிசகியது. ஸ்டீயரிங் பிடிக்க முடியவில்லை என்றார்.

"நீ ஓட்டேன்மே. ஸ்கூட்டி ஓட்டிக்கினு காஞ்சிபுரம் டிராஃபிக்ல பூந்து வரல்ல? அத்த விடவா இது பேஜாரு?"

பக்கத்தில் நின்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். இரும்பு சீட் எனக்கு உறுத்தும் என்று என் பழைய ரோஸ் நிறப் புடவையை மடித்து மெத்தை மாதிரி கட்டினார். "மகாராணி குந்துற எடம்" என்று சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சமதளத்தில் ஓட்டிப் பழகிய நாட்களில் ஒன்று மட்டும் உறுத்தியது. அந்த நிலம் சரளை மண். சாயங்காலம் வண்டி முழுக்கச் சிவப்புப் புழுதி படிந்திருக்கும். ஆனால் முன்பக்க பானட்டின் நடுவில் மட்டும் புழுதியே இருக்காது. ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்தால் எவ்வளவு இடம் தேயுமோ, அவ்வளவு இடம் பளிச்சென்று இருக்கும்.

நான் அதை உற்றுப் பார்ப்பதற்குள் ஐசக் வாளி நிறைய தண்ணீர் கொண்டுவந்து பானட்டில் ஊற்றிவிடுவார்.

தோள் பிசகியவர். நிறைந்த வாளி.

அன்புள்ளவளுக்கு எதுவும் சட்டென்று உறைப்பதில்லை.

சரிவில் உழவேண்டிய நாள் வந்தது. அங்கே குறுக்கே ஓட்டினால் வண்டி உருண்டுவிடும். நேராகத்தான் மேலே ஏற வேண்டும். அப்போது முன்சக்கரம் தூக்காமல் இருக்க பானட்டின் மேல் ஒருவரை உட்கார வைப்பார்கள். பாரத்துக்கு உட்காருவது என்பார்கள். ஆபத்தான வேலை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான்.

"முன்னால பாரத்துக்கு யாருங்க குந்துவாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் வேணாம். தூக்காது."

"எப்படிச் சொல்றீங்க?"

"தூக்காதுன்னா தூக்காது. வேப்ப மரத்துக்கு வலது பக்கமாவே ஏறு. இடது பக்கம் போவாத."

"அங்க இன்னா கீது?"

"சொன்னா கேளேன்மே."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னபடியே வண்டி தூக்கவில்லை. அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல் முன்பக்கம் தரையோடு அழுந்தியே போனது. ஒவ்வொரு முறை ஏறத் தொடங்கும்போதும் பானட்டில் ஒரு சத்தம்.

டொக்.

கீல் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

மாலை ஐந்து நாற்பது. கடைசியாக ஒருமுறை ஏறினால் வேலை முடிந்தது. வலது பக்கம் ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தது. அதைத் தவிர்க்க ஸ்டீயரிங்கை லேசாக இடது பக்கம் ஒடித்தேன். எதிரே ஆளுயரத்துக்கு மஞ்சம்புல். காற்று இல்லை. புல் அசையவில்லை.

டொக்... டொக்.

இந்தமுறை இரண்டு.

எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. யாரோ உள்ளங்கையால் தகரத்தில் அடிக்கிற சத்தம்.

டொக்... டொக்.

பானட் அதிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதன் மேல் யாரும் இல்லை.

கீழே இருந்து ஐசக் கத்தினார். "நிக்காத! வலப்பக்கம் ஒடி! ஏறு!"

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

பயத்தில் பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி நின்றது.

சத்தமும் நின்றது.

எஞ்சினை அணைத்து, இறங்கி, பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தேன். முன்னால் போய் மஞ்சம்புல்லை விலக்கினேன்.

தரை இல்லை.

எப்போதோ கல் உடைத்து எடுத்த பெரிய பள்ளம். அடியில் கறுப்புத் தண்ணீர். முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

திரும்பினேன். பானட் முழுக்கப் புழுதி. நடுவில் அந்த இடம் மட்டும்...

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அழுந்தியிருந்த வண்டியின் முன்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்தவர் இறங்கினால் எழும்புமே, அப்படி.

மறுநாள் விடிந்ததும் உழுத நிலத்தில் புல் பொறுக்கக் காளியம்மாள் அக்கா வந்தார். ஊர் ஓரத்து இருளர் குடியிருப்பில் இருப்பவர். சரிவிலேயே நின்ற வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.

"இந்த வண்டியா கண்ணு ஓட்டின நீ? இது எங்கூட்டுக்காரரு குந்திக்கினு போன வண்டி."

"யாருக்கா?"

"பொன்னன். முன்னால பாரத்துக்குக் குந்துவாரு. எஞ்சின் சத்தத்துல பேச்சு கேக்காதில்ல? அதுக்குத்தான் தட்றது. ஒரு தட்டு தட்டுனா போவலாம். ரெண்டு தட்டுனா நிறுத்தணும்."

என் கண் தானாகப் பானட்டின் பக்கம் போனது.

"போன வருசம் இதே சரிவுதான். இதே பள்ளம். அவரு ரெண்டு தட்டு தட்டினாரு. தட்டிக்கினே இருந்தாரு. நான் கீழ நின்னு கேட்டுக்கினு இருந்தேன். வண்டி நிக்கல. வெளிம்பாண்ட வந்து சடார்னு பிரேக் போட்டா? வண்டி நின்னுச்சு. அவரு நிக்கல. பாம்பு கடிச்சி செத்தார்னு மொதலாளி வூட்ல பேசி முடிச்சாங்கோ. நாங்க சொன்னா யாரு கேக்கறாங்கோ?"

"ஓட்டுனது யாருக்கா?"

காளியம்மாள் அக்கா எங்கள் வீடு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உனுக்குத் தெரியாதா?"

எனக்கு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருஷம். காய்ச்சல் என்று வந்து ஒரு வாரம் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார் ஐசக். நான் கஞ்சி ஊட்டினேன். தலையைக் கோதினேன். கன்னத்தில் கண்ணீர் வழிந்தபோது, காய்ச்சலில் கண் எரிகிறது என்றார். துடைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

"தோள் வலி?"

"இல்ல."

"பின்ன ஏன் என்னை ஓட்டச் சொன்னீங்க?"

"நான் ஏறி சாவி போட்டாலே ரெண்டு தட்றான் ஷாரோன். கிளப்பவே வுடல. நீ பொம்பள... உன்ன ஒண்ணும் பண்ணமாட்டான்னு நெனச்சேன்."

"பள்ளம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் தலை குனிந்தார். "பள்ளத்தப் பத்திச் சொன்னா, பொன்னனப் பத்தியும் சொல்லணுமே."

"நேத்து அவர் தட்டினது கீழ நின்ன உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார்.

கேட்டும் ஏறு என்று கத்தியிருக்கிறார். தட்டியது கேட்டும் நிறுத்தாதது இது இரண்டாவது முறை.

யாரென்றே தெரியாத ஒருவர் என்னை நிறுத்தினார். என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர் போகச் சொன்னார். ரோஸ் புடவையை சீட்டிலேயே விட்டுவிட்டு ராஜகுளம் வந்துவிட்டேன்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தார். வீட்டில் நான் மட்டும். தலை வாரிக்கொண்டிருந்தேன். கோபம் கொஞ்சம் ஆறியிருந்தது. அவர் வந்து கூப்பிட்டால் போய்விடலாமா என்றுதான் அந்த நிமிஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டொக்... டொக்.

எங்கள் வீட்டுக் கதவு மரம். கேட்டது தகரத்தின் சத்தம்.

தாழ்ப்பாளில் கை வைத்தபடி, "யாரு?" என்றேன்.

"நான்தான் ஷாரோன்." ஐசக்கின் குரல். அழுதிருந்த குரல். "உன்னக் கூட்டினு போவத்தான் வந்தேன்..."

கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆமா... நீ எப்படிமே கதவாண்ட வந்த? நான் இன்னும் தட்டவே இல்லியே."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.