இடியார் இரவல் வாங்கிய சாக்ஸபோன்

அவர் பகலில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சனிக்கிழமை மாலைகளில் ஓட்டல் ஜாஸ் குழுவில் பாரிட்டோன் சாக்ஸபோன் வாசிப்பவர். தலைப்பக்கம் குழாய் சுருண்டு மடங்கிய கனத்த உருப்படி அது. அதன் அடிக்குரலை வைத்துக் குழுவில் அவருக்கு ‘இடியார்’ என்று பெயர்.

இடம் என்னவோ பின்வரிசைதான். கைதட்டலெல்லாம் முன்னால் நின்று பாரிட்டோனைவிடச் சிறிய டெனார் சாக்ஸபோன் வாசிக்கும் பெண்ணுக்கு. இது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, சம்பந்தி வாத்தியத்தைப் பற்றிக் கேட்டதும் நாக்கு அவிழ்ந்துவிட்டது. பெல்ஜியத்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்தது, பட்டாளத்து பேண்டில் கிடந்தது, ஜாஸ்காரர்கள் கையில்தான் பேசவே ஆரம்பித்தது, நேராக நீண்ட சொப்ரானோ, வளைந்த ஆல்டோ, டெனார் என்று அளந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“டெனார்ல தனி வாசிப்பெல்லாம் நான்தாங்க. டெனார் வாசிக்கிற பொண்ணுகூட நம்மகிட்ட கத்துக்கிட்டதுதான்.”

சம்பந்தி சும்மா இருப்பாரா? அடுத்த சனிக்கிழமையே குடும்பத்தோடு வந்து, இடியாரின் மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முன்மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

இடியார் அவர்களைத் திரைச்சந்து வழியாகப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் அந்தப் பெண்ணிடம் போய் நின்றார்.

“அம்மாடி, ஒரு பாட்டுக்கு மட்டும் உன் டெனாரைக் குடேன். சம்பந்தி வந்திருக்காரு.”

“உங்க பாரிட்டோன்லயே தனியா வாசிங்களேன், அண்ணே. நான் ஒதுங்கிக்கிறேன்.”

“இல்லம்மா... அவங்ககிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன்.”

அவள் வாய்வைக்கும் முனையைத் துடைத்துக் கொடுத்தாள்.

அவளுடைய தனி வாசிப்பை வீட்டில் பாரிட்டோனில் திருட்டுத்தனமாகப் பழகியிருந்தார். சாக்ஸபோன் எதுவானாலும் விரல் வைக்கும் முறை ஒன்றுதான். ஆனால் அதே விரலுக்கு டெனாரில் பிறக்கும் சுரம் வேறு. அது தெரியாதவரல்ல; இருந்தும் விளக்கு முகத்தில் விழுந்ததும் விரல்கள் பழைய தடத்திலேயே ஓடின. பியானோ ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். பதறிப்போய் பாரிட்டோனுக்கு ஊதுகிற மாதிரி மூச்சைத் தள்ளினார். டெனார் கீச்சென்று கத்தியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பியானோக்காரர் பாட்டை எப்படியோ முடித்துவைத்தார்.

இடைவேளையில் சம்பந்தி வந்தார். அந்தப் பெண்ணிடம், “உனக்குச் சொல்லிக்கொடுத்தது இவருதானாமே?” என்றார்.

இடியார் கூனிக் குறுகிப்போனார். அவள் ஒரு தரம் அவரைப் பார்த்தாள்.

“ஆமாங்க. இன்னிக்கு என் வாத்தியத்துலதான் கோளாறு. அவரு மேல தப்பில்ல.”

கீச்சுச் சத்தத்துக்குக் காது மட்டும்தான் சுட்டது. அவள் தனக்காகச் சொன்ன பொய்க்கு உடம்பே கூசியது.

“இல்லைங்க,” என்றார் தரையைப் பார்த்தபடி. “அவ என்கிட்ட கத்துக்கல. வாத்தியமும் நல்லாத்தான் இருக்கு. நான் பின்னால நின்னு வாசிக்கிறவன்.”

“அதனால என்னங்க,” என்றார் சம்பந்தி. முன்மேசையில் இடியாரின் மகள் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி சொன்னாள்: “வீட்ல நீங்க ஊதுறத நான் கேட்டதே இல்லையா? பொம்மு பொம்முன்னுதானே வரும். அது நல்லாத்தானே இருந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சம்பந்தி தன் சொந்தக்காரர்களிடமெல்லாம், “நம்ம சம்பந்தி, லிஃப்ட் மெக்கானிக்,” என்று மரியாதையாக அறிமுகப்படுத்தினார். சாக்ஸபோனைப் பற்றி மூச்சுவிடவில்லை. கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது இடியாருக்கு.