மாப்பிள்ளையை நிறுத்துவது எப்படி

நான் கட்டிய முதல் வண்டி பின்பக்கமாக ஓடியது. எஞ்சினைத் திருப்பி வைத்துவிட்டேன். இரண்டாவது வண்டி நேராகத்தான் ஓடியது. ஓட்டுகிறவர் உட்கார இடமில்லை. மூன்றாவதில் இருக்கை, விளக்கு, சாமான் தட்டு எல்லாம் இருந்தன. பிரேக் இல்லை என்பது சரிவில் இறங்கும்போது தெரிந்தது.

இதெல்லாம் கணினிக்குள். நிஜத்தில் நான் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கவும் ஆள் தேடுகிறவன். அந்த விளையாட்டில் சக்கரம், சட்டம், எஞ்சின் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி நாமே வண்டி செய்ய வேண்டும். பிறகு அதில் காய்கறிப் பெட்டிகளை ஏற்றி, ஒரு மலையுச்சியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெங்களூரில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது இதை இரண்டு பேர் ஒரே வண்டியில் ஏறி ஆடும்படி டிவியிலும் லேப்டாப்பிலும் போட்டுக் கொடுத்து, "மாமாவுக்குப் பொழுது போகும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் மாமா என்றது என் தங்கையின் கணவரை. மேட்டுப்பாளையத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். வாரத்தில் பாதி நாள் தானே வேனை எடுத்துக்கொண்டு மலையேறி, தோட்டங்களிலிருந்து கேரட்டும் முட்டைக்கோசும் கொண்டுவருகிறவர். இத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றும் ஆகாத மனிதர், தன் சொந்த மண்டியில் ஒரு முட்டைக்கோஸ் இலையை மிதித்து வழுக்கி, காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி கோவையில் என்பதால், மாவுக்கட்டுப் பிரிக்கும்வரை தங்கையும் அவரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

முதல் வாரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கியரைத் தப்பாக மாற்றினால் முகம் சுளிப்பார். அன்றைக்கு அவருடைய பேச்சு அவ்வளவுதான்.

"சோறே எறங்க மாட்டேங்குதுங்க அண்ணி," என்று தங்கை சமையலறையில் என் மனைவியிடம் சொல்வது கேட்டது. "வண்டியத் தொடாம ஒரு நாள் இருந்த மனுசன் இல்லீங்க."

விளையாட்டைக் காட்டியதும் அவர் ஒன்றுதான் கேட்டார்: "மலை இருக்குதுங்களா மச்சான்?"

இருந்தது. மாவுக்கட்டுப் பிரிப்பதற்குள் அதில் ஏறிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்துகொண்டார். நான் கட்டுவது, அவர் ஓட்டுவது என்று ஏற்பாடு.

கட்டுகிற வேலை தொடர்ந்து நடந்ததில்லை. சக்கரத்தைக் கையில் எடுக்கும்போது மனைவி "ஏனுங்க" என்பாள். மில்லுக்குப் போய் மாவு அரைத்து வர வேண்டும். திரும்பி வந்து சக்கரத்தை மாட்டினால் தேங்காய். தேங்காயோடு வந்தால், கூடச் சொன்ன கறிவேப்பிலை எங்கே என்பாள்.

"கடைக்குப் போனாலும் ஒண்ண மறந்துட்டு வர்றீங்க, வண்டி செஞ்சாலும் ஒண்ண மறந்துபோடறீங்க," என்றாள். "ஆனா ஒண்ணுங்க, எப்பவும் முக்கியமானதத்தான் மறக்கறீங்க."

இந்தப் பேச்சுக்குப் பயந்து நான்காவது வண்டியில் எதையுமே விடாமல் சேர்த்தேன். விளைவாக அது ஒரு கல்யாண மண்டபத்தின் நீளத்துக்கு வந்துவிட்டது. எந்த வளைவிலும் ஒரே மூச்சில் திரும்பாது. பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பின்பக்கம் தெரியாது, பெட்டிகள் மறைத்தன. எனவே பின்னிருக்கையில் நான் உட்கார்ந்து, பள்ளம் வருவதற்குள் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்தில் தங்கை கணவர் என்றால் மாப்பிள்ளை. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்கிறேன். அப்பேர்ப்பட்டவரிடம் மொட்டையாக "நிறுத்துங்க" என்று எப்படிச் சொல்வது?

"மாப்பிள்ளை, தப்பா நெனச்சுக்காதீங்க, பின்னாடி எடம் கொஞ்சம் கம்மியா இருக்கற மாதிரித் தெரியுதுங்க, நீங்க பாத்து..."

பெட்டிகள் எங்களுக்கு முன்பே பள்ளத்து ஆற்றில் இறங்கிவிட்டன.

"எம்மேலதானுங்க தப்பு மச்சான். ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்திருக்கோணும்."

"அட, இல்லீங்க மாப்பிள்ளை. நாந்தான் மின்னாடியே சொல்லியிருக்கோணும்."

"நீங்க ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொரு வண்டியே கட்டிப்போடலாம்," என்றாள் தங்கை.

"அப்ப நீ சொல்லு."

"நானா? நான் 'ஏனுங்க'ன்னு கூப்பிட்டு, அவரு 'என்ன'ன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள வண்டி ஆத்துல கெடக்கும்ணா."

ஒவ்வொரு நாளும் அதே வளைவு, அதே பள்ளம், அதே மரியாதை. திங்கட்கிழமை மாவுக்கட்டுப் பிரிப்பதாக இருந்தது. மாப்பிள்ளை மறுபடி ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

சனிக்கிழமை மனைவி டீ வடிகட்டி வாங்கிவரச் சொல்லி டவுனுக்கு அனுப்பினாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் என் பஸ் பின்னால் நகர்ந்தது. இளம் கண்டக்டர் கீழே இறங்கி, பின்னால் நின்று ஒரு விசில் கொடுத்தார். வெள்ளை மீசை வைத்த டிரைவர் அப்படியே நிறுத்தினார். இரண்டு விசில், போனார். யாரும் யாரையும் தப்பாக நினைக்கவில்லை. அந்த டிரைவர் அவருக்கு மாமனாராகவே இருந்தாலும் ஒரு விசிலுக்கு நின்றிருப்பார்.

ஒப்பணக்கார வீதியில் ஒரு பேன்சி கடையில் விசில் கேட்டேன். கடைக்கார பாய் பெட்டியைத் திறந்து, "எந்த ஸ்கூலுங்க சார்?" என்றார்.

"ஸ்கூல் இல்லீங்க பாய். மாப்பிள்ளைய நிறுத்தறதுக்குங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பச் சத்தம் பெருசாப் பாத்துக் குடுக்கறனுங்க," என்றார். பிறகு, "எனக்கு மூணு பேருங்க," என்று சொல்லித் தனக்கும் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வடிகட்டியை மறந்துவிட்டேன். மனைவி விசிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டில் எதனால் அதிக உபயோகம் என்று கணக்குப் போட்டதுபோல் இருந்தது.

ஞாயிறு காலை மாப்பிள்ளை சோபாவில், கால் முக்காலி மேல். நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் முன்னால், விசில் வாயில். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ என்றேன்.

"பஸ்ஸாட்டமுங்களா?" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் வளைவில் பின்சக்கரம் விளிம்பை நெருங்கியது. ஒன்று ஊதினேன். ஆணியடித்ததுபோல் நிறுத்தினார். பெட்டிகள் ஆடி, யோசித்து, நின்றன. மன்னிப்புக் கேட்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. இரண்டு ஊதினேன். அடுத்த வளைவு, அதற்கடுத்தது. தங்கையும் மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமல் இருப்பதே நல்லது என்று போய்விட்டார்.

கடைசி ஏற்றத்தில் வண்டி முனகியது. மாப்பிள்ளை உடம்பை முன்னால் சாய்த்துக்கொண்டார், தன் எடையும் கொஞ்சம் உதவட்டும் என்பதுபோல. பிறகு திரை முழுக்க வானம். ஏறிவிட்டோம். அவருடைய இடது கை, சோபாவின் ஓரத்தில் இல்லாத ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தது.

"பெட்டி எறக்கற ஆளுக ஒருத்தரையும் காணமுங்களே," என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அன்று கேட்டு வாங்கி இட்லி சாப்பிட்டார். தங்கையிடம் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிச் சாப்பிட்டார். கை கழுவியதும் என்னைப் பார்த்து, "எறங்கறப்ப நீங்க ஓட்டுங்க மச்சான். அந்த விசில இப்பிடிக் குடுங்க," என்றார்.

வேட்டி நுனியில் அதைத் துடைத்து வாயில் வைத்துக்கொண்டார். முதல் வளைவிலேயே ஒன்று ஊதினார் பாருங்கள். இத்தனை வருஷத்து மரியாதையும் காற்றோடு போயிற்று. அந்தச் சத்தத்தில் பதறிய நான் பிரேக்குக்குப் பதில் வேகத்தை அழுத்தினேன். கல்யாண மண்டபம் மெதுவாகச் சாய்ந்து, ஆற்றைத் தேடிப் போனது.

"ஊதுனனல்லங்க மச்சான். கேக்கலீங்களா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் சிரிக்க ஆரம்பித்தார். மாவுக்கட்டு முக்காலியில் தடதடவென்று அடித்தது. என்னமோ ஏதோ என்று சமையலறையிலிருந்து ஓடிவந்த தங்கை, அவரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த கரண்டியோடு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

ஆற்றின் நடுவே வண்டி நான்கு சக்கரத்தையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். விசிலை மறுபடி வாயில் வைத்து, அந்த வண்டிக்கு இரண்டு கொடுத்தார்.