நோயில்லாத விண்ணப்பம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தைப் பாதியில் விட வேண்டுமென்றால் அதற்கு ஒரு படிவம் உண்டு. காரணக் கட்டத்தில் இரண்டே காரணங்கள் செல்லும்: மாணவருக்கு நோய், அல்லது வீட்டில் சாவு. பதினாறு வருடமாக அந்தப் படிவங்களை ஜன்னலில் வாங்கி முத்திரை குத்துகிறவள் நான். யாரையும் சாகடிக்க மனம் வராமல் எல்லோரும் நோயைத்தான் எழுதுவார்கள். எதிர்த்தெரு மருத்துவர் பத்து நிமிடத்தில் சான்றிதழ் தந்துவிடுவார்.

மணிக்கணக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். அந்தப் பெயர் பின்னால் அலுவலகத்தில் நாங்கள் வைத்தது. பொறியியல் இரண்டாம் ஆண்டு. தேர்வு எழுதும்போதே இரண்டு முறை தூங்கிப்போனவள். ஒரு பருவத்தில் இரண்டு பாடத்தில் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஆறில் ஒன்றை விட்டால் மற்ற ஐந்தையும் கரையேற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். காரணக் கட்டத்தில் 'வேலை அதிகம்' என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனதோடுதான் மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. இல்லாத நோயை நான் ஏன் எழுதணும்?"

பிடிவாதக்காரி. மூன்று நாள் அலைந்தாள். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்று பாடக்குறிப்பில் அச்சடித்திருப்பார்களே, அதன் பக்கத்திலேயே ஒவ்வொரு பேராசிரியரிடமும் கையெழுத்து வாங்கினாள். உலகத்தில் தன் பாடம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்கிற ஆட்கள், பெருமையாகவே போட்டுக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கூட்டிக் காட்டினாள். வகுப்பு, ஆய்வகம், வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்ந்து நூற்று அறுபத்திரண்டு மணி நேரம். வாரத்தில் இருப்பதே நூற்று அறுபத்தெட்டு. தூங்க, சாப்பிட, குளிக்க, ஏழு நாளுக்கும் சேர்த்து ஆறு மணி நேரம். நானே அவளைப் பதிவாளர் அறைக்கு அழைத்துப் போனேன்.

பதிவாளர் தாள்களைப் புரட்டினார். மற்றவர்கள் சமாளிக்கவில்லையா, இதற்கே தளர்ந்தால் நாளைக்கு வேலையில் என்ன செய்வாய் என்று பழைய பாட்டைப் பாடினார்.

"எங்கப்பா பஸ் ஓட்டறவர் சார். எட்டு மணி நேரம் முடிஞ்சா டிப்போவுல சாவியை வாங்கி வெச்சுடுவாங்க. அவரை யாரும் சோம்பேறின்னு சொன்னதில்ல. நான் பாலம் கட்டப் போறவ. அரைத் தூக்கத்துல கட்டினா நீங்க அது மேல போவீங்களா?"

அவர் கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தார். விடை மாறவில்லை. கையெழுத்துப் போட்டார். கோப்பில் வில்லங்கம் வேண்டாமென்று, அவள் எழுதியதை அடித்துவிட்டு 'உடல்நலக் குறைவு' என்றும் எழுதினார். பாவம், உதவி என்று நினைத்துத்தான் செய்தார்.

அவள் படிவத்தை வாசித்தாள். போதும் வா என்று நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, அவர் எழுதியதை அடித்தாள். 'நோய் இல்லை. வேலைதான் அதிகம்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

"திருத்தத்துக்குப் பக்கத்துல நீங்களும் போடணும் சார்."

அவள் எழுதியதை ஒருமுறை வாசித்தார். பிறகு போட்டார்.

அடுத்த பருவத்தில் பதினோரு பேர் அதே காரணத்தை எழுதிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்கள். திருப்பி அனுப்பு என்று மேலே இருந்து சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பதினொன்றிலும் முத்திரை குத்தினேன்.